வெறும் புதர்தானே!

கிண்டிப் பூங்காவுக்குச் சென்று திரும்பியவர்களிடம், "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். மான், பாம்பு, முதலை, மயில் என்று விரல் மடக்குவார்கள். "வேறு?" என்று கேட்டால், "வேறு என்ன இருக்கிறது? பின்னால் வெறும் புதர்தானே!" என்பார்கள். இந்த 'வெறும் புதர்' என்னும் தீர்ப்பு சரியானதுதானா என்பதைச் சற்று ஆராய்வோம். சென்னையில் வசிக்கும் ஒருவர் காலையில் நகரப் பேருந்தில் ஏறி, கட்டுச் சோற்றுடன் போய், மாலைக்குள் வீடு திரும்பிவிடக்கூடிய தொலைவில் ஓர் இயற்கைக் காடு இருக்கிறது. அதை நாம் பார்க்காமலே திரும்பிவிடுகிறோம் என்பதே என் குறை.

ஒரு முறை, ஒரு பள்ளியின் ஆறாம் வகுப்பு மாணவர்களுடன் அங்குள்ள சிறுவர் பூங்காவுக்குச் சென்றிருந்தேன். பார்த்த விலங்குகளைப் பட்டியலிட வேண்டும் என்பது அவர்களுக்கு இடப்பட்டிருந்த பணி. பிள்ளைகள் கூண்டுக்குக் கூண்டு ஓடினார்கள். பெயர்ப் பலகையைப் பார்த்து எழுதினார்கள். விலங்கை நிமிர்ந்து பார்த்தவர்கள் சிலரே. ஒரு மணி நேரத்திற்குள் ஒரு பையன், "முடிச்சிட்டேன் சார்" என்று நோட்டை மூடிவிட்டு நிழலில் உட்கார்ந்துவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. கேட்ட கேள்விக்கு அவன் விடை எழுதிவிட்டான். கேள்விதான் தவறு.

சிறுவர் பூங்காவை மட்டமாகப் பேசுவது என் நோக்கமன்று. 2024-இல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட அவ்விடம், நகரத்துக் குழந்தைகள் பலருக்கு உயிருள்ள காட்டு விலங்கை முதன்முதலில் காட்டும் இடம். ஆனால் அதை ஒட்டிக் கிடக்கும் தேசியப் பூங்கா ஏறக்குறைய 270 ஹெக்டேர் பரப்புள்ளது. அதனுள் பொதுமக்கள் விருப்பம்போல் நுழைய முடியாது, அதுவும் நல்லதே. ஆனால் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதை எவரும் தடுக்கவில்லையே!

அங்கே என்னதான் தெரியும்? உயரம் அதிகமில்லாத, நெருங்கி வளர்ந்த மரங்கள், முட்புதர்கள், கொடிகள். நீலகிரிச் சோலையைக் கண்ட கண்ணுக்கு இது காடாகவே தோன்றாது. ஆயினும் சோழமண்டலக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு இதுதான். 'உலர்' என்பதும் 'பசுமைமாறா' என்பதும் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றுகின்றன அல்லவா? அந்த முரணில்தான் சுவை இருக்கிறது.

சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பின்னர் நீண்ட வறட்சி. இடையிடையே எதிர்பாராத கோடை மழை. தேக்கைப் போல இலைகளை உதிர்த்துவிட்டு வறட்சியைக் கடப்பது ஒரு வழி. ஆனால் திடீரென்று ஒரு மழை பெய்தால், மீண்டும் துளிர்க்கும்வரை அம்மரத்தால் அதை முழுதும் பயன்படுத்திக்கொள்ள முடியாது. இந்தக் காட்டின் மரங்கள் பல வேறு வழியைக் கொண்டவை. சிறிய, தடித்த, மெழுகு பூசியது போன்ற இலைகளை வைத்துக்கொண்டு நீரைச் சிக்கனமாகச் செலவிடுகின்றன. எப்போது மழை வந்தாலும் இலை தயாராக இருக்கிறது. களா, காரை, காட்டெலுமிச்சை என்று நம் கிராமத்துப் பாட்டிமார் அறிந்திருந்த செடிகளை நாம் 'புதர்' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம்.

'மான்' என்ற சொல்லிலும் இதே கதைதான். அந்தப் பையனின் பட்டியலில் மான் ஒரே வரியில் இருந்தது. புள்ளிமானின் கொம்பு கிளைவிட்ட எலும்பு. அது விழுந்து மீண்டும் முளைக்கும். வெளிமானின் கொம்போ திருகியது; எலும்பின் மேல் நகத்தைப் போன்ற பொருளாலான உறை மூடியிருக்கும்; அது விழுவதில்லை. விலங்கியலார் இவ்விரண்டையும் வெவ்வேறு குடும்பங்களில் வைக்கிறார்கள். வாழ்க்கை முறையும் வேறு. புள்ளிமான் மரநிழலிலும் காட்டோரத்திலும் நிம்மதியாக மேயும். வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும். தொலைவிலேயே பகையைக் கண்டு, மணிக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடித் தப்புவதுதான் அதன் பாதுகாப்பு. புதர் அடர்ந்த இடத்தில் அந்தக் கண்ணும் காலும் பயன்படா. நம் முன்னோர் வைத்த பெயர்களைப் பாருங்கள்: வெளிமான், புல்வாய். வாழும் இடத்தை ஒரு பெயரும், உணவை மற்றொரு பெயரும் சொல்லிவிடுகின்றன. பல பூங்காப் பலகைகளில் எடை, ஆயுள், இலத்தீன் பெயர் எல்லாம் இருக்கும். இந்தச் செய்தி மட்டும் இருக்காது.

கிண்டிக் காட்டினுள் பழைய போலோ மைதானம் என்ற வெளி ஒன்று உண்டு. "இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே, நாலு மரம் நடக்கூடாதா?" என்று நல்லெண்ணத்தோடு கேட்பவர்கள் இருக்கிறார்கள். வெளியில் எல்லாம் மரம் நிறைந்தால் வெளிமான் எங்கே போகும்? மரம் நடுவது நல்ல காரியம்தான். எல்லா இடத்திலும் அல்ல. கோடிக்கரையில் புல்வெளிகளுக்குள் சீமைக் கருவேலம் புகுந்து வெளிமானின் மேய்ச்சல் நிலத்தைக் குறுக்கி வருவது தெரிந்த செய்தி. அதுவும் பார்வைக்குப் பச்சைதான்!

'வெறும் புதர்', 'சும்மா கிடக்கும் இடம்' என்னும் சொற்கள் தீங்கற்றவை என்று எண்ணிவிட வேண்டாம். 1910-இல் கிண்டிக் காடு காப்புக் காடாக்கப்பட்டபோது அதன் பரப்பு ஏறக்குறைய 505 ஹெக்டேர். பின்னர் கல்வி நிலையங்களுக்கும் நினைவு மண்டபங்களுக்கும் நிலம் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அவை தேவையற்றவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் வெற்றிடம் என்று தோன்றும் நிலத்தைக் கேட்பதும் எளிது, கொடுப்பதும் எளிது. 1970களின் பிற்பகுதியில் தேசியப் பூங்கா என்ற தகுதி கிடைத்தபோது எஞ்சியிருந்தது பாதிக்குச் சற்று மேல்தான்.

அன்று நோட்டை மூடிவிட்டு உட்கார்ந்த பையனிடம் வேலியோரம் உதிர்ந்து கிடந்த காட்டெலுமிச்சை இலை ஒன்றைக் கொடுத்து, வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்க்கச் சொன்னேன். இலை முழுவதும் ஊசியால் குத்தியதுபோல் ஒளிப் புள்ளிகள். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். "கசக்கி மோந்து பார்" என்றேன். "எலுமிச்சம்பழ வாசனை சார்!" என்றான். இதே குடும்பத்தைச் சேர்ந்த உங்கள் வீட்டுக் கறிவேப்பிலைக்கு வந்து முட்டையிடும் கறுப்பு வண்ணத்துப்பூச்சி, இந்தச் செடியிலும் முட்டையிடும் என்றேன். அவன் எழுந்து வேலியருகே போய் நின்றான். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று ஆசிரியர் அழைக்கும்வரை அவன் அங்கிருந்து நகரவில்லை.