கேட்கும் விலையும் கிடைக்கும் விலையும்

புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் வியாபாரி முதலில் காயைப் பார்க்கிறார். நிறம், பருமன், தோல் எல்லாம் பார்த்த பிறகே விலை சொல்கிறார். அதே ஊரில் ஒருவர் கைப்பேசியில் பழைய நாணய விற்பனைப் பக்கத்தைத் திறந்தால், பெரும்பாலும் ஒரு படமும் ஒரு தொகையும்தான் இருக்கும். பொருளைப் பார்க்காமலே விலையை நம்பச் சொல்கிறது அந்தப் பக்கம். இணைய நாணய ஏலத்தின் நன்மை தீமைகளை இங்கிருந்தே எடைபோட வேண்டும்.

முதலில் நன்மை. முன்பு சிற்றூர்ச் சேகரிப்பாளருக்குப் பெருநகர வியாபாரிகளையும் எப்போதாவது நடக்கும் கண்காட்சிகளையும் விட்டால் வேறு வழியில்லை. இன்று மும்பை, பெங்களூரு ஏல நிறுவனங்களின் பட்டியல்களை வீட்டிலிருந்தே படிக்கலாம். நல்ல பட்டியலில் எடை, உலோகம், நாணயச்சாலை, தேய்மான நிலை எல்லாம் இருக்கும். இந்தப் பகுதிக்கு இது பெரிய உதவி. முன்பு திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த பக்கத்துச் செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்தோடு இணைந்தது. அதனால் இங்குள்ள பழைய பெட்டிகளில் திருவிதாங்கூர்ச் சக்கரம் கிடைத்தால் வியப்பில்லை. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம் என்ற கணக்கை மறந்துவிட்ட தலைமுறைக்கு, கையில் இருப்பது என்னவென்று சொல்லித்தருபவை அந்தப் பட்டியல்களே.

ஆனால் யார் வேண்டுமானாலும் விளம்பரம் போடக்கூடிய தளங்களில் நடப்பது வேறு. வைஷ்ணோ தேவி உருவத்துடன் 2012-இல் வந்த 5, 10 ரூபாய் நாணயங்களுக்கு அங்கே லட்சக்கணக்கில் விலை போடுகிறார்கள். இவை புழக்கத்துக்கென்று ஏராளமாக அச்சிடப்பட்டவை. 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணாவும் கோடிக்கணக்கில் வெளியானதுதான். ஒருவர் லட்சம் கேட்பதால் நாணயம் லட்சம் பெறாது. ஒருவர் கொடுத்து வாங்கிய தொகைதான் விலை. கேட்ட விலையைச் செய்தியாக்கும் காணொளிகள் இந்த வேறுபாட்டை அழித்துவிடுகின்றன.

அடுத்த குறை, விவரத்தில் நடக்கும் புரட்டு. புலி உருவம் கொண்ட 1947 ஒரு ரூபாய் நிக்கலால் ஆனது. அதில் காந்தம் ஒட்டும், வெள்ளியில் ஒட்டாது. உலோகத்தைச் சொல்லாத விளம்பரம் இந்த எளிய சோதனைக்குக்கூட இடம் தருவதில்லை. இராமர், அனுமன் உருவங்களோடு ‘கிழக்கிந்தியக் கம்பெனி 1818’ என்று பொறித்த செப்பு வில்லைகளும் அரிய நாணயமாக விற்கப்படுகின்றன. கம்பெனி அப்படி ஒரு நாணயம் வெளியிட்டதே இல்லை. இவற்றைத்தான் ‘அரிசி இழுக்கும் காசு’ என்று சொல்லியும் ஏமாற்றுகிறார்கள்.

மூன்றாவது குறை விற்பவரையே குறிவைக்கிறது. வாங்குபவர்போலப் பேசுபவர் பதிவுக் கட்டணம், வரி, ரிசர்வ் வங்கி அனுமதி என்று முன்பணம் கேட்கிறார். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4 அன்று இதுபற்றி எச்சரித்தது: பழைய நாணய வணிகத்தில் தனக்குத் தொடர்பில்லை, அதற்குக் கட்டணமோ தரகோ கேட்பதுமில்லை என்றது. லட்சக்கணக்கான விலை காட்டிய விளம்பரம்தான் இந்த வலைக்கு ஆளைத் தயார் செய்கிறது என்பதால், இந்த மோசடியைத் தனிக் குற்றமாகப் பார்க்க முடியாது.

இவற்றைவிடப் பெரிய இழப்பு வரலாற்றுக்கு. ‘பெருவழுதி’ என்று தமிழி எழுத்தில் பொறித்த செப்பு நாணயத்தை நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி படித்து வெளியிட்டபோது, சங்கப் பாண்டியர் வரலாற்றுக்கு நேரடிச் சான்று கிடைத்தது. கிடைத்த இடத்தை மறைத்துக் கைமாறும் நாணயம் அந்தச் சான்றில் பாதியை இழந்துவிடுகிறது. மண்ணுக்கடியில் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் ஆட்சியருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள். அதை நினைத்தபடி வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தராது. பட்டியலிடும்போதே இவற்றைச் சொல்லும் தளங்கள் வேண்டும்.

ஆகவே இணைய ஏலத்தை ஒதுக்கச் சொல்வது தீர்வல்ல. விற்கப்படும் அதே நாணயத்தின் இருபக்கப் படம், எடை, விட்டம், உலோகம் இல்லாத விளம்பரத்தைத் தளங்கள் ஏற்கக் கூடாது. உண்மையில் விற்ற விலையையும் காட்ட வேண்டும். அமெரிக்கா 1973-இலேயே நகல் நாணயத்தில் ‘நகல்’ என்று பொறிக்கச் சட்டம் செய்தது. அதே கண்டிப்பு இங்கும் தேவை. விற்பவர் எவருக்கும் முன்பணம் கட்டக் கூடாது. கட்டிவிட்டால் தயங்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். விவரம் முழுதாக இருக்கும் இடத்தில் ஏமாற்றுபவருக்கு வேலை குறையும். நாணயத்தை நேசிப்பவருக்கு நியாயமான சந்தை கிடைக்கும்.