சமவெளியில் மௌனமாகும் கோடுகள்

சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 நிலவரைபடத்தில் சென்னையின் பரங்கிமலையைக் கண்டுபிடிப்பது எளிது. பழுப்பு நிறச் சமவுயரக் கோடுகள் வளையம் வளையமாக நெருங்கி நிற்கும். எந்தப் பக்கம் செங்குத்து, எந்தப் பக்கம் சாய்வு என்று ஏறிப் பார்க்காமலே சொல்லிவிடலாம். அங்கிருந்து தென்கிழக்கே வேளச்சேரி, அதற்கும் தெற்கே பள்ளிக்கரணை என்று விரலை நகர்த்தினால் கோடுகள் ஓய்ந்துவிடுகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்த பகுதிகள் இவை.

இந்தக் கோட்டு முறை மலைக்கு வருவதற்கு முன்பே நீருக்கடியில் ஆழம் காட்டப் பயன்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நில அளவையாளர் குரூக்வியஸ் நெதர்லாந்தின் மெர்வீட ஆற்றுப் படுகையை இப்படித்தான் வரைந்தார். கணிதவியலாளர் சார்லஸ் ஹட்டன் ஸ்காட்லாந்தின் ஷிகேலியன் மலைக்கு இதைக் கையாண்டது 1770களில். தாழ்வைக் காட்டப் பிறந்த முறை, கரையேறிய பின் தாழ்வைச் சொல்லத் தடுமாறுகிறது என்பதே என் குறை.

மூடிய வளையம் குன்றாகவும் இருக்கலாம், பள்ளமாகவும் இருக்கலாம். பள்ளம் என்றால் வளையத்தின் உட்புறம் சிறு கோடுகள் பற்களைப் போல நீட்டியிருக்கும். மங்கிய நகலில் அவை அழிந்தால் பள்ளம் குன்றாகிவிடும்! உயரத்தைக் கணிப்பதிலும் சறுக்கல் உண்டு. 40 மீட்டர், 60 மீட்டர் கோடுகளுக்கு நடுவே முதல் பள்ள வளையம் இருந்தால் அதன் உயரம் 40. பலர் ஒரு படி கழித்து 20 என்கிறார்கள். குன்றின் உச்சியில் 60 மீட்டர் வளையத்துக்குள் இருந்தாலோ, அதுவும் 60தான். ஏறும்போது கடைசியாகக் கடந்த உயரத்தையே இறங்கும்போது முதலில் கடக்கிறோம்.

இதெல்லாம் பழகினால் தீரும். கோடுகளுக்கு இடையிலுள்ள 20 மீட்டர் இடைவெளியின் குறை அப்படித் தீராது. 41இலிருந்து 39க்கு இறங்கும் இரண்டு மீட்டர்ப் பள்ளத்துக்குப் படத்தில் வளையம் கிடைக்க வழியுண்டு. 58இலிருந்து 42க்கு இறங்கும் 16 மீட்டர்ப் பள்ளத்துக்கோ ஒரு வளையமும் கிடைக்காது. கோடு எங்கே விழுந்தது என்ற தற்செயல் இங்கே ஆழத்தைவிடப் பெரிதாகிவிடுகிறது. கடலோரச் சமவெளியில் ஏரியும் சதுப்பும் குடியிருப்பும் சில மீட்டர் ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கிவிடுபவை. 20 மீட்டர்க் கோட்டுக்கு அங்கே என்ன வேலை?

அதற்காகப் படத்தை ஒதுக்கிவிடக் கூடாது. பழுப்பு பேசாத இடத்தில் நீலம் பேசும். ஏரிக்கரைக் குறியின் அருகே கரையின் சார்பு உயரம் எண்ணாக இருக்கும். கரை இருக்கும் பக்கமே நிலம் சரியும் பக்கம். நிரம்பிய ஏரியின் நீர்விளிம்பு, உபரிநீர் வழியும் கலங்கல் மட்டத்தில் தண்ணீரே வரைந்த சமவுயரக் கோடு. சதுப்புக் குறியையும் புள்ளி உயரங்களையும், ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாய்க்குப் போகும் நீர்வழியையும் சேர்த்துப் படித்தால் பள்ளிக்கரணை எவ்வளவு தாழ்ந்த நிலம் என்பது விளங்கிவிடும்.

ஆனால் இத்தனை பயிற்சியை மனை வாங்குபவரிடம் எதிர்பார்ப்பது நியாயமல்ல. விமானத்திலிருந்து லேசரால் அளந்து, அரை மீட்டர் இடைவெளியில் கோடு வரைய இன்று முடியும். சமவெளி நகரங்களுக்கு அப்படியொரு வரைபடம் வேண்டும். ஒவ்வொரு பள்ள வளையத்துக்குள்ளும் அடிமட்ட உயரத்தை அச்சிட்டு, பத்திரப் பதிவுக்கு முன்பே அதை வாங்குபவர் கையில் கொடுக்க வேண்டும்.