துணி போர்த்திய ஸ்டீரியோவுக்கு ஒரு சின்னப் பெட்டி

மட்டக்களப்பு வாவியின் மீன்பாட்டைக் கைப்பேசியில் போட்டுக் கேட்டுவிட்டு “இவ்வளவுதானா?” என்று கேட்பவர்கள் பலர். 1848இல் இந்த வாவியில் அதைக் கேட்ட பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட், உச்சத்தில் ஒலிப்பதும் அடியில் முழங்குவதுமாகப் பல நுண்ணொலிகள் கலந்து வருவதாக எழுதினார். அந்த அடியொலியைக் கைப்பேசியின் ஸ்பீக்கரும் மடிக்கணினியின் ஸ்பீக்கரும் பாதியிலேயே விழுங்கிவிடும். வீட்டு மூலையில் துணி போர்த்திக் கிடக்கும் ஸ்டீரியோ செற் விழுங்காது. மத்திய கிழக்கில் உழைத்தவர்கள் கொண்டுவந்த அந்த மரப்பெட்டி ஸ்பீக்கர்களுக்கு இன்னும் நல்ல உயிர் இருக்கிறது. கணினியோடு இணைத்துவிட்டால் போதும்.

ஆகச் செலவு குறைந்த வழி ஒரு வயர்தான். ஒரு முனையில் ஹெட்போன் துளைக்கான 3.5 மி.மீ. பின், மறுமுனையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்.சி.ஏ. பின்கள். சிவப்பு வலது, வெள்ளை இடது. செற்றின் பின்புறத்தில் ‘ஆக்ஸ்’ அல்லது ‘டேப் இன்’ என்று எழுதிய துளையில் செருகுங்கள். ‘போனோ’ துளை வேண்டாம். அது இசைத்தட்டு ஊசியின் மிக மெல்லிய மின்சமிக்ஞைக்காக உள்ளது. கணினியின் ஒலியை அங்கே கொடுத்தால் அடிச்சுரம் உப்பி, எல்லாம் சிதைந்து கேட்கும். கணினியின் ஒலியளவைப் பெரும்பாலும் ஏற்றி வைத்துவிட்டு, கூட்டுவதையும் குறைப்பதையும் செற்றின் திருகில் செய்யுங்கள். கணினியில் குறைத்துச் செற்றில் ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும்.

உண்மையான தொல்லை இதற்குப் பிறகுதான். செற்றைப் போட்டதும் ‘ம்ம்ம்’ என்று ஓர் அடித்தொனி. நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அதன் முனகல்தான் அது. சார்ஜரைக் கழற்றி, பற்றரியில் ஓடவிட்டுப் பாருங்கள். நின்றுவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது: கணினிக்கு ஒரு ஏர்த், செற்றுக்கு வேறொரு வழியாக இன்னோர் ஏர்த், நடுவில் ஒலி வயர் இரண்டையும் வளையமாக்கிவிடுகிறது. மீன்பாட்டின் கீழ்த்தொனியோடு இந்த முனகல் கலந்தால் எது வாவி, எது மின்சாரம் என்று காது பிரிக்காது. கணினியையும் செற்றையும் ஒரே மின்பலகையில் செருகினால் பல வீடுகளில் சரியாகும். ஆகாவிட்டால், உள்ளே சிறு மின்மாற்றிகள் கொண்ட ‘கிரவுண்ட் லூப் ஐசொலேற்றர்’ ஒன்றை வயரின் நடுவில் போட வேண்டும். சிலர் சார்ஜர் பிளக்கின் ஏர்த் பின்னை வெட்டிவிடுகிறார்கள். உயிருக்குக் காவலாக இருப்பது அந்தப் பின். தயவுசெய்து வேண்டாம்.

இனி, ஹெட்போன் துளைக்குப் பதிலாகக் கணினிக்கும் செற்றுக்கும் நடுவே வைக்க நான் பாவித்துப் பார்த்த பெட்டி: பெரிஞ்சர் யூ.சி.ஏ. 202. கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் பெட்டி. யூ.எஸ்.பி. வழியாகவே மின்சாரம் எடுக்கிறது. விண்டோஸ், மாக், லினக்ஸ் மூன்றிலும் செருகிய உடனே வேலை செய்கிறது. கணினியின் சொந்த ஹெட்போன் துளையில் கேட்கும் உள்முணுமுணுப்பு இதில் அடங்கிவிடுகிறது. ஏர்த் வளையத்தை மட்டும் இது தீர்க்காது. அதற்கு மேலே சொன்ன வைத்தியமே. யூ.எஸ்.பி. வயர் பெட்டியோடு ஒட்டிப்பிறந்தது, கழற்ற முடியாது. அது அறுந்தால் பெட்டியைத் திறந்து பற்றவைக்க வேண்டியதுதான். எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

புளூடூத் ரிசீவர் போதாதா? பாட்டுக்குப் போதும். கூத்துக் காணொளி பார்க்கும்போது சதங்கைக் காலும் மத்தள அடியும் சிலவேளை இணங்காமல் போகும். நான் வயரின் பக்கம்.

இந்தப் பெட்டியை நான் விரும்புவதற்குக் காரணம் வேறு. இதில் உள்ளே போகும் துளைகளும் இரண்டு உண்டு. செற்றின் ‘டேப் அவுட்’டை அவற்றில் செருகினால் கசெற்றில் இருப்பது கணினிக்குள் வரும். வடமோடி, தென்மோடிக் கூத்துகளைக் களரியோரம் இருந்து கசெற்றில் பிடித்தவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். 16 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் வரைதான் இந்தப் பெட்டி போகும் என்று குறை சொல்வோர் உண்டு. கசெற்றில் இருப்பதைப் பிடிக்க 16 பிட் தாராளம். மத்தளத்தின் தொப்பிப் பக்கத்து அடியும் சல்லரியின் கூர்மையும் நன்றாகவே வந்தன.

இலவசமாகக் கிடைக்கும் ஒடாசிற்றி மென்பொருளில் 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட் என்று வைத்து, ‘வேவ்’ கோப்பாகச் சேமியுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட். 60 நிமிடக் கசெற் ஒன்றுக்குச் சுமார் 600. உச்ச அடி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். பெட்டியில் உள்வரும் ஒலியைக் குறைக்கும் திருகு கிடையாது. டேப் அவுட் சத்தம் அதிகம் என்றால் ஹெட்போன் துளையிலிருந்து எடுத்து, செற்றின் திருகால் அளவாக்குங்கள்.

உப்புக்காற்றில் ஆர்.சி.ஏ. பின்கள் கறுத்து ஒரு பக்கம் ஊமையாகும். ‘கொன்ராக்ற் கிளீனர்’ தெளித்துச் சில தடவை செருகிக் கழற்றினால் திரும்பிவிடும். நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் தெரியும் கசெற்றுகளை முதல் வரிசையில் வையுங்கள். அவற்றில் சில இன்னும் ஒரே தடவைதான் ஓடும். அந்தத் தடவை கணினி பதிந்துகொண்டிருக்க வேண்டும்.