சட்டத்துக்கு வெளியே நிற்கும் மரங்கள்

மோனேயின் வைக்கோல்போர்களைக் கொண்டாட ஆள் நிறைய இருக்கிறார்கள். எனக்கு பிஸ்ஸாரோவின் 'உறைபனி' ஓவியம் போதும். 1873-ல், பிரான்ஸில் பொந்துவாஸிலிருந்து என்னரி போகும் பழைய சாலையில் வரைந்தது. கிழவர் ஒருவர் முதுகில் விறகுக்கட்டோடு நடக்கிறார். வேறு சம்பவம் கிடையாது. எல்லோருடைய கண்ணும் நேரே அவரிடம்தான் போகிறது. அவரை விடுங்கள், தரையைப் பாருங்கள்.

உழவுசால்களை வெட்டிக்கொண்டு நீளநீளமாய் நிழல்கள் விழுந்துகிடக்கின்றன. மரநிழல்கள். ஆனால் அந்த மரங்கள் படத்தில் இல்லை! எங்கோ சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. வெயில் பட்ட மண்ணில் மஞ்சளும் பழுப்பும். நிழல் படிந்த இடத்தில் நீலம் கலந்த சாம்பல். கறுப்பை நம்பி நிழல் போடுகிற சோம்பேறித்தனம் இல்லை. வெயில் ஏற ஏற இந்தப் பனி எந்தப் பக்கம் முதலில் கரையும் என்றுகூடச் சொல்லிவிடலாம்.

1874-ல் இம்ப்ரெஷனிஸ்டுகளின் முதல் கண்காட்சியில் வைத்தபோது விமர்சகர் லூயி லெருவா இதை அழுக்குத் துணியில் அப்பிய வண்ணச் சுரண்டல் என்று கேலி செய்தார். கேலிக்காரரை மன்னிக்கலாம். இந்தக் கூட்டத்தின்மேல் பரிவுள்ள விமர்சகர் காஸ்தன்யாரியே, கண்ணுக்குத் தெரியாத மரங்களுக்கு நிழல் போட்டது பெரும் பிழை என்று எழுதினாரே, அதுதான் எனக்கு ஆறவில்லை. படத்தின் உயிரே அங்கேதானே இருக்கிறது? அந்த மரங்களையும் உள்ளே நட்டிருந்தால் இது இன்னொரு சாலைக்காட்சி, அவ்வளவுதான்.

கிழவரை வைத்து இதை ஏழ்மையின் ஓவியம் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. உழவர்களை வரைந்து பேர்பெற்ற மிய்யே இதை வரைந்திருந்தால் அவரை முன்னால் கொண்டுவந்து ஆளுயரமாக நிறுத்தியிருப்பார். பிஸ்ஸாரோ மண்ணுக்கு வைத்த அதே சின்னச் சின்னத் தீற்றல்களையே அவருக்கும் வைக்கிறார். இரக்கமும் இல்லை, அலங்காரமும் இல்லை. அமைதியான கிராமம் என்று உருகுகிறவர்கள் அந்தக் குளிரில் ஒருநாள் விறகு சுமந்துவிட்டு வரட்டும்.

இப்போதோ ஓவியத்தைச் சுவர் முழுக்க ஒளியாய்ப் பாய்ச்சி, இசை போட்டு, டிக்கெட் விற்கிறார்கள். வண்ணத்தின் தடிமன் போயே போய்விட்டது. மலிவு அச்சுப் படங்களிலோ அந்த நீல நிழல் வெறும் கறையாகிவிடுகிறது.

அசல் பாரிஸில், ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது; அகலம் ஒரு மீட்டர்கூட இல்லை. போகிறவர்கள் முதலில் கிட்டே நின்று உழவுசால்களைப் பாருங்கள், பிறகு பத்தடி பின்னால் வாருங்கள். கிழவர் எங்கும் போய்விட மாட்டார், அவரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.