மனநலச் செயலிகள்: எது போனில் இருக்கட்டும், எதை நீக்கலாம்?

"போன தடவை வந்துட்டுப் போன பிறகு எப்படி இருக்கீங்க?" மனநல மருத்துவர் கேட்கும் இந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்வது கடினம். அன்று காலை மனம் எப்படி இருக்கிறதோ, அதே நிறத்தில்தான் முந்தைய மாதமும் தெரியும். நன்றாகத் தூங்கி எழுந்த நாளில் கேட்டால் "பரவாயில்ல டாக்டர்" என்று சொல்லிவிடுவேன். முந்தின இரவு தூக்கம் கெட்டிருந்தால், மாதம் முழுவதுமே கெட்டதுபோல் பேசுவேன். பதற்றத்துக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பவன் நான். அதனால் மனநலச் செயலிகளை இந்தக் கேள்வியை முன்னால் வைத்துத்தான் பயன்படுத்திப் பார்த்தேன். இதற்கு உண்மையான பதிலைத் தயார் செய்ய எது உதவுகிறது? குறித்துவைக்கும் செயலிகள் உதவின. பேசும் செயலிகள் அந்த அளவுக்கு உதவவில்லை.

என் போனில் நிலைத்துவிட்டது டேலியோ. இது ஒரு நாட்குறிப்பு, ஆனால் எதையும் எழுத வேண்டியதில்லை. திறந்ததும் ஐந்து முகங்கள் வரிசையாக நிற்கின்றன, மிக நல்ல மனநிலையிலிருந்து மிக மோசமானது வரை. ஒன்றைத் தொட்டால், அன்று செய்தவற்றுக்கான சிறு படங்கள் வருகின்றன: தூக்கம், உடற்பயிற்சி, நண்பர்கள் இப்படி. பொருந்துவதைத் தொட்டுச் சேமித்தால் வேலை முடிந்தது. வெற்றுப் பக்கத்தைக் காட்டி எழுதச் சொன்னால் சோர்ந்த நாளில் கை எழாது. ஒரு முகத்தைத் தொடும் அளவுக்கு மட்டும் தெம்பு இருக்கும் நாட்கள் உண்டு. அந்த நாட்களின் பதிவுதான் மருத்துவருக்கு அதிகம் தேவைப்படுகிறது.

முகங்களின் பெயர்களையும் செயல்களின் பட்டியலையும் நம் விருப்பப்படி மாற்றலாம், தமிழிலேயே தட்டச்சு செய்யலாம். வந்தபடியே பயன்படுத்தினால் பாதிப் பயன்தான். நான் இருந்தவற்றில் பலவற்றை எடுத்துவிட்டு, 'சாயங்காலத்துக்கு மேல் காபி', 'மொட்டைமாடி நடை', 'அம்மாவிடம் பேசினேன்', 'பன்னிரண்டுக்கு மேல் விழிப்பு', 'மாத்திரை' என்று வைத்துக்கொண்டேன். மாத்திரையைக் கட்டாயம் சேருங்கள். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பரவலாகத் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகள் பலன் காட்டவே சில வாரங்கள் எடுக்கும். பக்கவிளைவுகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடலாம். அந்த இடைவெளியில் 'ஒரு மாற்றமும் இல்லை' என்று தாங்களாகவே மருந்தை நிறுத்திவிடுபவர்கள் பலர். வரைபடத்தில் கோடு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுவது தெரிந்தால், காத்திருக்கத் தெம்பு வரும். ஏறவில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் காட்டிவிடலாம். மருந்தையோ அளவையோ மாற்ற வேண்டுமா என்று அவர் பார்த்துக்கொள்வார்.

சில வாரப் பதிவுகள் சேர்ந்த பிறகுதான் புள்ளிவிவரப் பக்கத்துக்கு அர்த்தம் வருகிறது. எந்தச் செயலோடு எந்த முகம் அடிக்கடி சேர்ந்து வருகிறது என்று காட்டும். ஆண்டு முழுவதையும் வண்ணக் கட்டங்களாக ஒரே பக்கத்தில் பார்க்கலாம். என் மோசமான நாட்கள் வேலைப்பளு அதிகமிருந்த நாட்களோடு சேரவில்லை, நள்ளிரவு தாண்டி விழித்திருந்த இரவுகளின் மறுநாட்களோடு சேர்ந்து வந்தன. மருத்துவர் அதைப் பார்த்ததும் பேச்சு அலுவலகத்தை விட்டுத் தூக்கத்துக்கு வந்தது. படுக்கும் நேரத்தை அல்ல, எழும் நேரத்தை முதலில் ஒரே மாதிரி ஆக்கச் சொன்னார். ஆனால் இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருகின்றன என்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. தூக்கம் கெட்டதால் பதற்றமா, பதற்றம் வந்ததால் தூக்கம் கெட்டதா என்பதைச் செயலி சொல்லாது. அதைப் பிரித்தறியப் படித்தவர் வேண்டும்.

டேலியோவில் இன்னொன்று நல்லது. பதிவுகள் நம் போனிலேயே இருக்கின்றன. காப்புநகல் வேண்டுமென்றால் நம்முடைய கூகுள் டிரைவுக்கோ ஐகிளவுடுக்கோ போகும். பூட்டும் போடலாம். பிடிக்காதது, எத்தனை நாள் விடாமல் குறித்தோம் என்று எண்ணிக் காட்டும் வழக்கம். மொழி கற்பிக்கும் செயலிக்கு அது பொருந்தலாம். மூன்று நாள் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்தவர் நான்காம் நாள் திறக்கும்போது, தொடர்ச்சி அறுந்துவிட்டது என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்காட்டக் கூடாது. விட்டுப்போன நாட்களைப் பின்னால் போய் நிரப்பலாம். ஆனால் நிரப்பாமல் விட்டுவிடுங்கள் என்பேன், வெறுமையாக இருக்கும் கட்டமும் மருத்துவருக்கு ஒரு தகவல்.

ஹவ் வீ ஃபீல் என்ற செயலி டேலியோவுக்கு அண்ணன் மாதிரி, இன்னும் நுணுக்கமானது. யேல் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் மார்க் பிராக்கெட்டின் பங்களிப்போடு உருவானது. லாப நோக்கமற்ற அமைப்பு நடத்துவதால் கட்டணம் கிடையாது. நான்கு நிறங்கள் வரும். மனம் கொந்தளிப்பாகவும் கசப்பாகவும் இருந்தால் சிவப்பு, கசப்பாக இருந்து உடலும் துவண்டிருந்தால் நீலம், உற்சாகத்துக்கு மஞ்சள், அமைதிக்குப் பச்சை. நிறத்தைத் தொட்டால் உணர்ச்சிச் சொற்கள் குமிழ்களாக விரியும், மொத்தம் 144. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம் உண்டு. 'டென்ஷன்' என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதை அவிழ்க்க இது உண்மையாகவே உதவுகிறது. எரிச்சலுக்குச் செய்ய வேண்டியது வேறு, பயத்துக்குச் செய்ய வேண்டியது வேறு. உணர்ச்சிக்குப் பெயர் சூட்டும்போது மூளையின் அமிக்டலா பகுதியின் வேகம் தணிகிறது என்று யூசிஎல்ஏவின் மேத்யூ லீபர்மன் குழு 2007இல் மூளை ஸ்கேன் ஆய்வில் காட்டியிருக்கிறது. நான் இதைத் தினமும் திறப்பதில்லை, என்ன நடக்கிறதென்றே புரியாத நாட்களில் மட்டும் திறக்கிறேன். ஆங்கிலம் சரளமாக வராத ஒருவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த வகைச் செயலிகள் பலவற்றில் பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்விகள் இருக்கும். கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம், பசி, ஆர்வம் எல்லாம் எப்படி இருந்தன என்று கேட்டு 27க்கு மதிப்பெண் போடும். மருத்துவமனைகளிலும் பயன்படுத்தும் கேள்விகள்தான் இவை. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள், நோய் உறுதியாகிவிட்டது என்று அல்ல. ஒன்பதாவது கேள்வி உயிரை விடும் எண்ணம் பற்றியது. அதற்கு 'இல்லவே இல்லை' என்பதைத் தவிர வேறு பதில் வந்தால், மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்றே ஒரு மனிதரிடம் பேச வேண்டும்.

மூச்சுப் பயிற்சிக்குப் பணம் கொடுக்கத் தேவையே இல்லை. திரையில் ஒரு வட்டம் விரியும்போது மூச்சை இழுத்து, சுருங்கும்போது விட வேண்டும், அவ்வளவுதான். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற வேகத்துக்கு வந்து, உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டினால், வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு தணியும். இதைச் செய்யும் இலவசச் செயலிகள் ஏராளம். அதிர்வால் வழிகாட்டும் ஒன்றைத் தேடி எடுங்கள். பேருந்தில் நெஞ்சு படபடக்கும்போது திரையைப் பார்க்காமல், போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே செய்யலாம்.

தியானத்துக்கு ஹெட்ஸ்பேஸ், காம் இரண்டும் உலகப் பெயர்கள். முன்னாள் பௌத்தத் துறவி ஆண்டி புடிகோம் 2010இல் கூட்டாளியோடு சேர்ந்து தொடங்கியது ஹெட்ஸ்பேஸ். அவருடைய நிதானமான குரலும், புதியவரை மிரட்டாத பாடங்களும் இன்றும் அதன் பலம். காம் செயலியின் பலம் தூங்கவைக்கும் கதைகள். இரண்டிலும் பெரும்பகுதி சந்தாவுக்குப் பின்னால் இருக்கிறது, இலவசக் காலம் முடிந்ததும் பணம் தானாகப் பிடிக்கப்படும். வேண்டாம் என்றால் சேர்ந்த அன்றே ரத்து செய்துவிடுங்கள். எந்தச் செயலியாக இருந்தாலும், தூக்கத்துக்காகப் போனைப் படுக்கைக்கு எடுத்துப்போவது சரியல்ல என்பது என் கருத்து. கேட்டே ஆக வேண்டுமென்றால் ஒலியை ஓடவிட்டுப் போனை எட்டாத தூரத்தில் வைக்கலாம்.

இனி பேசும் செயலிகள். இயந்திரத்தோடு மனம்விட்டுப் பேசும் ஆசை பழையது. எம்ஐடியில் ஜோசப் வைசன்பாம் 1966இல் எலைசா என்ற நிரலை வெளியிட்டார். நாம் தட்டச்சு செய்வதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், வேறொன்றும் தெரியாது. அது வெறும் நிரல்தான் என்று அறிந்திருந்த அவருடைய செயலாளரே, அதனுடன் தனியாகப் பேச வேண்டும், அறையை விட்டு வெளியே போங்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டாராம். அந்தத் தேவை உண்மையானது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். 2015–16இல் இந்தியாவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. நோயைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் பேர் வரை சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். இரவு இரண்டு மணிக்குப் பேச ஆளில்லாதவருக்கு, பதில் சொல்லும் ஒரு திரை பெரிய விஷயம்தான்.

இந்த வகையில் நான் மதிப்பது பெங்களூருவில் பிறந்த வைசா. ஒரு சின்ன பென்குயின் நம்மோடு பேசுகிறது. உண்மைப் பெயர் கேட்பதில்லை, புனைபெயர் போதும். அதன் அடித்தளம் சிபிடி என்னும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. 'எல்லாரும் என்னை மட்டமாக நினைக்கிறார்கள்' என்று எழுதினால், அந்த எண்ணத்தைத் தனியே எடுத்து வைத்து, அதற்கு ஆதாரம் என்ன, வேறு மாதிரி பார்க்க முடியுமா என்று படிப்படியாகக் கேட்கும். அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ 2022இல் இதற்குத் திருப்புமுனைக் கருவி என்ற தகுதியைக் கொடுத்தது. அது பரிசீலனையை விரைவுபடுத்தும் தகுதி, சிகிச்சைக்கான ஒப்புதல் அல்ல. தேர்வு பயம், மேடை பயம், வேலையிடத்து மனக்கசப்பு போன்றவற்றில் எண்ணங்களை ஒழுங்குபடுத்திப் பார்க்க இது நல்ல பயிற்சிப் புத்தகம். என் கணிப்பில் அதன் எல்லையும் அங்கேதான்.

ஏனென்றால் எல்லாத் துன்பமும் திருத்த வேண்டிய எண்ணம் அல்ல. பெயர் சொல்ல விரும்பாத வேறொரு உரையாடல் செயலியில், சாவு வீட்டிலிருந்து திரும்பிய இரவு நான்கு வரி எழுதினேன். 'இந்த எண்ணத்துக்கு எதிரான ஆதாரங்கள் என்ன?' என்று கேட்டது. செத்தவர் செத்தவர்தான், அதற்கு எதிரான ஆதாரம் எங்கும் கிடையாது. அந்த நேரத்தில் தேவைப்பட்டது, பக்கத்தில் உட்கார்ந்து "சாப்பிட்டியா?" என்று கேட்கும் ஒருவர்.

அதோடு, இந்தச் செயலிகள் எவ்வளவு நாள் இருக்கும் என்பதற்கும் உறுதி இல்லை. வோபாட் இந்தத் துறையின் முன்னோடி. இரண்டு வாரம் அதனோடு பேசிய இளைஞர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் குறைந்ததாக 2017இல் 70 பேரை வைத்து நடந்த சோதனை ஒன்று வெளியானது. அந்தச் செயலி 2025 ஜூன் 30 அன்று மூடப்பட்டது. அதனிடம் மனதைக் கொட்டிப் பழகியவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம், செயற்கை நுண்ணறிவு நேரடியாக மனநலச் சிகிச்சை வழங்குவதைத் தடை செய்து சட்டம் போட்டது. மிகையான நடவடிக்கை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொதுப் பயன்பாட்டு உரையாடல் செயலிகளிடம் சிறுவர்கள் தங்கள் வேதனையைச் சொல்லத் தொடங்கிவிட்ட காலத்தில், 'இது சிகிச்சை அல்ல' என்று யாராவது எழுதிவைத்தாக வேண்டும்.

நிறுவுவதற்கு முன் ஒரு விஷயத்தைப் பாருங்கள். மனதைப் பற்றிய தகவல், வங்கிக் கணக்கு எண்ணைவிட அந்தரங்கமானது. கணக்கு எண்ணை மாற்றிக்கொள்ளலாம், இதை மாற்ற முடியாது. இணையவழி ஆலோசனை நிறுவனமான பெட்டர்ஹெல்ப், பயனாளர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும் அவர்கள் நிரப்பிய படிவத் தகவல்களையும் ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2023இல் 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டு அந்த நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டு மொசில்லா அறக்கட்டளை மனநல, பிரார்த்தனைச் செயலிகள் 32ஐ ஆராய்ந்து, அவற்றில் 28க்கு அந்தரங்க எச்சரிக்கை முத்திரை குத்தியது. மூச்சுப் பயிற்சிச் செயலி தொடர்பு எண்களையும் இருப்பிடத்தையும் கேட்டால், அனுமதி கொடுக்காதீர்கள். வற்புறுத்தினால் நீக்கிவிடுங்கள்.

நிறுவியதை விட்டுவிடுவோமே என்ற கவலையும் வேண்டாம். 93 மனநலச் செயலிகளின் பயன்பாட்டை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வில், பதினைந்தாம் நாளில் இன்னும் திறந்துகொண்டிருந்தவர்கள் இடைநிலைக் கணக்கில் 3.9 சதவீதம், முப்பதாம் நாளில் 3.3 சதவீதம். விட்டுவிடுவதுதான் வழக்கம், அது உங்கள் குறை அல்ல. மருத்துவரைப் பார்க்கப்போகும் முன் இரண்டு வாரம் மட்டும் குறித்தால்கூட அவருக்கு உதவும்.

இந்த எல்லாவற்றையும்விட நான் அதிகம் பரிந்துரைப்பதற்குச் செயலியே தேவையில்லை, பட்டன் போன் போதும். மத்திய அரசின் டெலி-மானஸ் சேவை 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் இயங்குகிறது, இருபது மொழிகளில் பேசலாம். தமிழைத் தேர்ந்தெடுத்தால் தமிழில் பயிற்சி பெற்ற ஆலோசகர் எடுப்பார். தேவை என்று பட்டால் மனநல மருத்துவருக்கு இணைப்பார், நேரில் பார்க்க வேண்டுமென்றால் மாவட்ட மனநலத் திட்டத்துக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வழிகாட்டுவார். பேசும் செயலிகள் பலவற்றில் இல்லாத வசதி இது: மறுமுனையில் இருப்பவரால் நம்மை இன்னொரு மனிதரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும். 2024 அக்டோபரில் டெலி-மானஸ் செயலியும் வந்தது. அதில் தகவல்கள் இருக்கின்றன, ஆனால் முதலில் எண்ணைச் சேமியுங்கள்.

சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சினேகா அமைப்பும் தற்கொலை எண்ணத்தோடு போராடுபவர்களிடம் பேசுகிறது, எண் 044-24640050. இலங்கையில் இருப்பவர்களுக்குத் தேசிய மனநல உதவி எண் 1926. உங்களுக்கு வேண்டாமென்று தோன்றினாலும் சேமித்து வையுங்கள். வீட்டில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் இருந்தால், அவர்கள் போனிலும் ஒரு பெயர் போட்டுச் சேமித்துக் கொடுத்து, எதற்கு என்பதையும் அவர்களிடமே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.