புகார் கணவனுடையது, ஊசி மனைவிக்கு

மெனோபாஸ் பற்றி வந்த புத்தகங்களிலேயே அதிகச் சேதம் செய்தது எது என்று என்னைக் கேட்டால், ராபர்ட் வில்சன் 1966-ல் எழுதிய 'ஃபெமினின் ஃபாரெவர்' என்றுதான் சொல்வேன். வில்சன் நியூயார்க்கில் பெண்கள் நல மருத்துவர். புத்தகம் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. வாதம் ரொம்ப எளிமை: மாதவிடாய் நிற்பது இயற்கை இல்லை, அது ஒரு குறைபாட்டு நோய். சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் மாதிரி இவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன். கொடுத்தால் இளமை, அழகு, தாம்பத்திய ஆசை எல்லாம் திரும்ப வரும்.

இவ்வளவு பழைய புத்தகத்தை இப்போ ஏன் இழுக்கிறேன் என்றால், அவர் சொன்ன முறையில் இன்று யாரும் மருந்து கொடுப்பதில்லை. ஆனால் அவர் பிரச்சினையைப் பார்த்த விதம் அப்படியே இருக்கு.

அதில் ஒரு கதை வரும். புரூக்ளின் பக்கத்து ரவுடி ஒருவன் வில்சனைப் பார்க்க வருகிறான். பெண்டாட்டி முன்ன மாதிரி இல்ல, சமைக்கிறதில்ல, எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறா என்கிறான். கையிலிருக்கும் துப்பாக்கியைக் காட்டி, இவளைச் சரிபண்ணாவிட்டால் கொன்றுவிடுவேன் என்கிறான். டாக்டர் அந்தப் பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுக்கிறார், அவள் 'சரியாகி'விடுகிறாள். இதை வில்சன் ஒரு வெற்றிக் கதையாகத்தான் சொல்கிறார். துப்பாக்கியோடு திரிகிறவன் பக்கத்தில் படுக்கிற பெண்ணுக்கு எரிச்சல் வராமல் வேறென்ன வரும் என்ற கேள்வி அவருக்கு எழவே இல்லை. புகார் கணவனுடையது, ஊசி மனைவிக்கு. முழுப் புத்தகமும் இந்த ஒரு காட்சிக்குள் அடங்கிவிடும்.

பிறகு நடந்தது தெரிந்ததுதான். புரோஜெஸ்ட்டிரோன் சேர்க்காமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களுக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் கூடுகிறது என்று 1975-ல் ஆய்வுகள் வந்தன. வில்சனின் செலவுகளை மருந்துக் கம்பெனி ஏற்றிருந்தது என்று பின்னாளில் அவர் மகனே சொன்னார். 2002-ல் 16,608 பெண்களை வைத்து நடந்த பெரிய அமெரிக்க ஆய்வை மார்பகப் புற்றுநோய், இதயக் கோளாறு காரணமாகப் பாதியில் நிறுத்தியதும், ஹார்மோன் என்றாலே உலகம் முழுக்கப் பயம் பிடித்துக்கொண்டது. (அந்தப் பயம் கொஞ்சம் மிகை. ஆய்வில் சேரும்போது அந்தப் பெண்களின் சராசரி வயது 63. அது தனிக்கதை.)

மாத்திரை போன இடத்துக்கு 'வாழ்க்கை முறை' வந்தது. நம்ம ஊர் ஆரோக்கிய இணைப்பிதழ்களில் இதைப் படிக்காதவர் இருக்க முடியாது. நடங்க, யோகா பண்ணுங்க, சோயா சாப்பிடுங்க, எடையைக் குறைங்க, மனசை லேசா வச்சுக்குங்க, ஆசை தானா வரும். இதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ராத்திரி மூன்று தடவை வியர்த்து நனைந்து எழுந்திருப்பவளுக்குத் தூக்கம்தான் முதல் தேவை, மற்றதெல்லாம் அப்புறம். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் ஆசையை நேரடியாகவே மட்டுப்படுத்தும். சர்க்கரையும் தன் பங்குக்கு வேலை செய்யும். என் குறை வேறு. இந்த 'ங்க' எல்லாம் யாரைப் பார்த்துச் சொல்லப்படுது? மறுபடியும் அவளைத்தான். வில்சன் ஊசி போட்டார், இவர்கள் பாதாம் ஊறவைக்கச் சொல்கிறார்கள்.

கட்டிலின் இன்னொரு பாதியைப் பாருங்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1980-களின் கடைசியில் 40 முதல் 70 வயது வரையிலான ஆண்களிடம் நடத்திய ஆய்வில், 52 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் விறைப்புக் குறைபாடு இருந்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய், சிகரெட் எல்லாம் அதோடு சம்பந்தப்பட்டவை. வாழ்க்கை முறை என்று பேசினால் இதுதான் அசல் வாழ்க்கை முறை. நம்ம வீடுகளில் கணவர் பெரும்பாலும் சில வயது மூத்தவர். அவளுக்கு 48 ஆகும்போது அவர் ஐம்பதைத் தாண்டியிருப்பார். அந்த வீட்டில் எது நின்றாலும் பழி மெனோபாஸ் மேல்தான் விழும், ஏன்னா அதுக்குத்தான் ஒரு தேதி இருக்கு. அவருடைய தளர்ச்சிக்குத் தேதி கிடையாது.

அதனால்தான் மெல்போர்ன் ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. லொரெய்ன் டென்னர்ஸ்டைன் குழு 1991-ல் தொடங்கியது. 45 முதல் 55 வயதுக்குள், இன்னும் மாதவிடாய் நிற்காத 438 ஆஸ்திரேலியப் பெண்களை ஆண்டுதோறும் பின்தொடர்ந்தார்கள். ரத்தமும் எடுத்தார்கள், கூடவே துணைவர் மேல் இப்போது எப்படி உணர்கிறீர்கள், அவருக்கு ஏதாவது பாலியல் பிரச்சினை உண்டா என்றும் கேட்டார்கள். மாதவிடாய் நிற்கும் கட்டத்தில் ஆசை குறைகிறது, உறவில் வலி கூடுகிறது, இதெல்லாம் தெரிந்தது. அதே காலத்தில் துணைவரின் பிரச்சினையும் கூடுவதாகப் பெண்கள் சொன்னார்கள். 2005-ல் வெளியிட்ட கட்டுரையில் எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தார்கள். ஈஸ்ட்ரோஜனுக்குப் பங்கு உண்டு. ஆனால் முன்பிருந்த ஆசையின் அளவு, துணைவர் மேலுள்ள உணர்வு, புதிதாக ஒரு துணை கிடைத்ததா இல்லை இருந்தவர் போய்விட்டாரா, இவற்றின் பங்கு அதைவிடப் பெரியது. (புதுத் துணையை எந்த டாக்டரும் சீட்டில் எழுதித் தர முடியாது என்பது வேறு விஷயம்.)

இதிலும் எனக்குக் குறைகள் உண்டு. துணைவர் மேல் அன்பு குறைந்ததால் ஆசை போச்சா, ஆசை போனதால் அன்பு குறைஞ்ச மாதிரி தோணுதா? கேள்வித்தாளை வைத்து இதைத் தீர்க்க முடியாது. ஒரு நாட்டில் பிறந்த பெண்கள் மட்டுமே இருந்த ஆய்வு வேற. அமெரிக்காவில் 1996-லிருந்து நடக்கும் 'ஸ்வான்' என்ற பெரிய ஆய்வில் ஐந்து இனக்குழுக்கள் இருந்தும் அதில் தெற்காசியர் கிடையாது. பேரன் பிறந்ததும் பாட்டி கட்டிலைப் பிரித்துக்கொள்ளணும் என்று எழுதாத சட்டம் இருக்கும் வீடுகளில், ஆசை 'குறைந்தது' என்பதை எப்படி அளப்பது?

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். இந்த முடிவுகளைப் படித்துவிட்டு 'எல்லாம் உறவுல இருக்கு, மனசுல இருக்கு' என்று பேசுகிறவர்கள் மேல் எனக்கு வில்சன் மேல் இருக்கும் அதே கோபம் இருக்கு. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது பெண்ணுறுப்பின் தோல் மெலிகிறது, ஈரம் குறைகிறது, உறவு வலிக்கிறது. உடல் சூடேறி வியர்ப்பது பலருக்குச் சில வருடங்களில் அடங்கிவிடும். இந்த வறட்சி அப்படி இல்லை, விட்டால் கூடிக்கொண்டே போகும். வலிக்கும் என்று தெரிந்த ஒன்றைத் தவிர்ப்பதை ஆசையின்மை என்று எழுதிவிடுகிறோம். அவள் வலிக்குது என்று சொல்வதில்லை, 'தூக்கம் வருது' என்கிறாள். கணவர் அதை 'இவளுக்கு என் மேல பிரியம் போயிடுச்சு' என்று எடுத்துக்கொள்கிறார்.

கருப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்ட பெண்களின் நிலை இன்னும் வேற. இயல்பாக மாதவிடாய் நிற்கும்போது டெஸ்டோஸ்டிரோன் சட்டென்று விழுவதில்லை. அது இருபதுகளிலிருந்தே மெல்லக் குறைந்து வருவது. சினைப்பைகளை எடுத்தால் ஒரே நாளில் பாதியளவு போய்விடும். 38 வயதில் அந்த ஆபரேஷன் ஆன பெண்ணிடம் 'வாக்கிங் போங்க, அவரோட மனசு விட்டுப் பேசுங்க' என்பது அறிவுரையே இல்லை.

வறட்சிக்கு அந்த இடத்தில் மட்டும் பூசும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கு. ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் தொடக்கூடாது. ஹார்மோனே வேண்டாம் என்றால் உயவு ஜெல் இருக்கு. கிரீமை டாக்டர் எழுதித் தரணும், அதுக்கு முதலில் 'உறவின்போது வலி இருக்கா?' என்று அவர் கேட்கணும். கூட வந்த கணவரை ஐந்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது. பிறகு அவரைத் தனியாக உள்ளே கூப்பிட்டு, அவருக்கும் சர்க்கரை, பிரஷர் பார்த்து எவ்வளவு நாள் ஆச்சு, சிகரெட் உண்டா என்று விசாரிக்கலாம்.