கல்லறைத் தாமரையும் வெள்ளிக் கலமும்

எகிப்து என்றதும் நம்மில் பலர்க்குப் பிரமிடும் பிணமுமே நினைவில் எழும். உலோகத்தில் எழில் படைத்த மேனாட்டுக் கலைஞர்க்கோ அது வற்றாத சுரங்கம். 1922 நவம்பரில் ஹோவர்ட் கார்ட்டர் துட்டங்காமன் கல்லறையைக் கண்டார். அகழ்வுக்குப் பொருள் ஈந்த கார்னர்வன் பிரபு 1923 ஏப்ரலில் மாண்டார். "மன்னன் சாபம்!" என்று அலறின ஏடுகள். கல்லறையைத் திறந்த கார்ட்டரோ 1939 வரை வாழ்ந்தார். சாபத்துக்கு அவர் முகவரி கிட்டவில்லை போலும்!

அந்த ஆரவாரத்திலே செழித்தது கார்ட்டியே நகைநிலையம். 1924இல் அது செய்த அணியூசி ஒன்றை நோக்குவோம். நடுவே வண்டு, இருபுறமும் விரிந்த நீலச் சிறகு. சிறகு புதியதன்று, மணற்பொடியைச் சுட்டு மெருகேற்றிய பழைய எகிப்தியப் பொருள். விலையுயர்ந்த நீலக்கல்லுக்கு மாற்றாக அந்நாட்டார் கண்ட எளிய பண்டம் அது. அதைச் சுற்றிப் பிளாட்டினம், வைரம்! வேலைப்பாடு நேர்த்தி என்பதை மறுக்கமாட்டோம். ஆனால், சாணம் உருட்டும் வண்டைக் கதிரவனாக்கி வணங்கிய மயக்கம் போயிற்று. சீமாட்டியின் மார்பிலே செல்வச் செருக்கு வந்து அமர்ந்தது. இதுவோ முன்னேற்றம்?

கிறிஸ்டோபர் டிரெஸ்ஸர் (1834–1904) வேறு வழி சென்றார். செடிநூல் கற்றவர். ஓவன் ஜோன்ஸ் 1856இல் வெளியிட்ட அணிவகை நூலுக்குப் படம் வரைந்தவர். எகிப்திய அணிகளின் வேர் தாமரையும் பாப்பிரசும் என்று காட்டிய நூல் அது. டிரெஸ்ஸர் எகிப்திடம் கற்றது சிறகன்று, சின்னமன்று, கண்டிப்பான கோடு! அவருடைய கலங்களில் ஜப்பானியச் சாயலே மிகுதி என்பர். 1876–77இல் அந்நாடு சென்றவர்தாமே. ஆயினும், நேர்க்கால் ஊன்றி நிற்கும் அவற்றின் உறுதியில் நாம் நைல் கரையையும் காண்கிறோம். வெள்ளி முலாம் பூசி, ஆலையில் செய்யவே அவற்றை வரைந்தார். முழு வெள்ளி வாங்க முடியாதவரும் வாங்கலாம். நம் வாக்கு இவருக்கே.

ஒரு குறை மட்டும் உறுத்துகிறது. கி.மு. 1157ஐ ஒட்டி, மன்னர்க்குக் கல்லறை குடைந்த தொழிலாளர், கூலித் தானியம் வராமையால் வேலையை நிறுத்திக் கோயிலருகே அமர்ந்தனர். அந்தச் செய்தி பாப்பிரசிலே எழுதப்பட்டு, இன்றும் தூரின் நகரக் காட்சிச்சாலையில் உளது. தாமரையைக் கண்ட கலைஞர் எவர் கண்ணிலும் அக்கைகள் படவில்லை. டிரெஸ்ஸர் கலங்களின் அடியைத் திருப்பிப் பாருங்கள்: நிறுவனத்தின் முத்திரை உண்டு, சிலவற்றில் வரைந்தவர் பெயரும் உண்டு. முலாம் தோய்த்தவன் பெயர் இல்லை.